மறையூர் வெல்லமும் தேடுபொறியும்

ஒரு பண்டத்திற்கு நற்பெயர் வாய்ப்பது அரிது. வாய்த்த பெயரைக் காப்பது அதனினும் அரிது. கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிய மலைப் பள்ளத்தாக்கில், மறையூர் என்னும் ஊர் இருக்கிறது. சந்தனக் காடுகளாலும் முனியறைகள் எனப்படும் பழங்காலக் கற்குகைக் கல்லறைகளாலும் பெயர்பெற்ற அவ்வூர், வெல்லத்தாலும் பெயர்பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கத்தில் அமைந்த நிலம் அது. அங்குள்ள பாம்பாறு மேற்குக் கடலை நாடாமல், கிழக்கு நோக்கி ஓடி அமராவதியில் சேர்கிறது. கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, பாகு பதமானதும் மரத்தொட்டியில் ஊற்றி, சூடு ஆறும்முன் கையாலேயே உருட்டி எடுக்கும் அவ்வுருண்டைகளை நேயர்களிற் பலர் சுவைத்திருப்பீர்கள்.

இவ்வெல்லத்திற்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்து வெல்லம் மறையூரின் பெயரால் விற்கப்படுகிறது என்பது அவ்வூர் உழவர்களின் நெடுநாளைய முறையீடு. ஆதலின் குறியீடு அவர்களுக்கு ஓர் அரண். ஆயினும் அந்த அரண் சந்தையைத்தான் காக்கும். இன்று பண்டங்களைத் தேடுவோர் முதலிற் செல்லும் இடம் சந்தையன்று, கைப்பேசியிலுள்ள தேடுபொறி. மும்பையில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் தை பிறக்குமுன் மறையூர் வெல்லம் வேண்டுமென்று தேடினால், எதிரே தோன்றும் பக்கங்களில் எத்தனை அவ்வூராரால் எழுதப்பட்டவை? கரும்பை வெட்டியவர் பேசாதிருக்க, வெட்டாதவர் அவர் பெயரால் பேசும் நிலை நேரலாமா? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் வினா.

தேடுபொறி வேலை செய்யும் முறையை முதலில் அறிந்துகொள்வோம். அது ஓயாது வலைத்தளங்களில் உலவி, ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குச் செல்லும் இணைப்புகளின் வழியே நடந்து, கண்டவற்றையெல்லாம் பெரியதொரு பட்டியலில் பதிந்துகொள்கிறது. ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்போது, அப்பட்டியலிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்தித் தருகிறது. ஆயிரம் பக்கங்கள் ஒரே பொருளைப் பேசும்போது எதை முதலில் வைப்பது? 1998-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் இதற்கு ஒரு விடை கண்டனர். பிற பக்கங்கள் எந்தப் பக்கத்தை மிகுதியாகச் சுட்டுகின்றனவோ அதற்கு மதிப்பு மிகுதி. சுட்டுவோர் மதிப்புடையவராயின் அச்சுட்டுக்கு எடையும் மிகுதி.

தமிழ் மரபினருக்கு இது புதுமையன்று. இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் எந்நூலை மேற்கோளாக எடுத்தாள்கின்றனரோ, அந்நூலுக்குப் புலவர் அவையில் ஏற்றம் உண்டு. நூலாசிரியர் தம்மைத்தாமே எத்துணை புகழ்ந்துகொண்டாலும், உரையாசிரியர் ஒருவர் எடுத்தாளும் ஒரு வரிக்கு அது ஈடாகாது. தேடுபொறியின் கணக்கு இன்று நூற்றுக்கணக்கான கூறுகளை உட்கொண்டு விரிந்துவிட்டது. ஆயினும் அதன் அடிப்படை இதுவே.

அங்ஙனமாயின், மறையூரில் சில உழவர்கள் கூடி ஒரு வலைத்தளம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் எழுத வேண்டியவை யாவை? எம்முறையில் எழுத வேண்டும்?

முதற்படி, கேள்விகளைத் திரட்டுதல். எழுத்து, எழுதுவோரின் ஆசையிலிருந்து தொடங்கினால் விளம்பரமாகி முடியும். தேடுவோரின் ஐயத்திலிருந்து தொடங்கினால் பயனுடையதாகும். வெல்லம் வாங்க வருவோர் கேட்பன என்ன? இதன் நிறம் ஏன் கருமையாக இருக்கிறது? எத்தனை நாள் கெடாமலிருக்கும்? மழைக்காலத்தில் கசிந்தால் என் செய்வது? பொங்கலுக்கும் பாயசத்துக்கும் எவ்வளவு இடுவது? மெய்யானதைப் போலியினின்று பிரித்தறிவது எங்ஙனம்? இவ்வினாக்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், ஓராண்டுக்கு எழுதுதற்குரிய பொருள் அதிலேயே அடங்கிக் கிடக்கும்.

இரண்டாம்படி, அவற்றை ஒரு குடும்பமாக அமைத்தல். நடுவே மறையூர் வெல்லம் பற்றிய ஒரு முழுமையான பக்கம் இருத்தல் வேண்டும். அதனைச் சூழ, ஒரு வினாவுக்கு ஒரு கட்டுரையாக, மண்ணைப் பற்றி ஒன்று, கரும்பைப் பற்றி ஒன்று, ஆலையடுப்பைப் பற்றி ஒன்று, சேமிப்பைப் பற்றி ஒன்று, குறியீட்டைப் பற்றி ஒன்று என்று அமைய வேண்டும். கிளைக் கட்டுரைகள் நடுப்பக்கத்தைச் சுட்ட, நடுப்பக்கம் கிளைகளைச் சுட்ட, படிப்பவரும் தேடுபொறியும் வழி தப்பாமல் உலவ இயலும். ஒரே வினாவுக்கு மூன்று கட்டுரைகள் எழுதினால் அவை ஒன்றோடொன்று போட்டியிடும், மூன்றும் பின்தங்கும். வெல்லத்தளத்தில் திரைப்படச் செய்தியும் சோதிடமும் கலந்தால், அத்தளம் எப்பொருளில் வல்லது என்பது ஒருவருக்கும் விளங்காது. பெருவணிகர் எல்லாப் பொருளையும் பற்றி எழுதுவர். சிறியோர் ஒரு பொருளைப் பற்றி முற்றும் எழுதினால், அவ்வொரு பொருளில் பெரியோரை முந்துதல் கூடும்.

மூன்றாம்படி, சொற்களை அறிதல். எல்லைப்புறத்தில் இது மிக நுட்பமான செய்தி. மறையூரார் மலையாளத்தில் சர்க்கரை என்று வழங்குவது வெல்லத்தையே. தமிழ்நாட்டிலோ சர்க்கரை என்றால் பலருக்குச் சீனி; நாட்டுச் சர்க்கரை என்றால் தூளாக விற்கப்படும் வேறொரு பண்டம். தில்லியில் அண்டை வீட்டார் அதனைக் குட் என்பர். பெங்களூரில் பெல்ல என்பர். ஊர்ப்பெயரையே மறையூர் என்றும் மறயூர் என்றும் பலவாறு எழுதுவர். ஆக்குவோரின் சொல்லும் தேடுவோரின் சொல்லும் வேறாயின் இருவரும் சந்திப்பது எப்படி? ஆதலால் ஒவ்வொரு மொழியிலும் அம்மொழியார் வழங்கும் சொல்லைத் தலைப்பிலும் முதற்பத்தியிலும் இயல்பாக ஆள வேண்டும். அதற்காக ஒரே சொல்லை வரிதோறும் திணித்தல் கூடாது. திணிப்பை மனிதரும் வெறுப்பர். தேடுபொறியும் குற்றமாகக் கொள்ளும். தமிழ்ப் பக்கம், மலையாளப் பக்கம், ஆங்கிலப் பக்கம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே எழுதப்படுதல் நன்று.

நான்காம்படி, காலம் பார்த்தல். இன்று எழுதிய பக்கம் நாளையே முன்வரிசைக்கு வந்துவிடாது. புதுத்தளமொன்று மதிப்புப் பெறச் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை ஆகலாம். ஆகவே ஓணத்துக்குரிய கட்டுரை சித்திரை வைகாசியிலேயே வெளியாதல் வேண்டும். பொங்கலுக்குரியது ஐப்பசியில் வெளியாதல் வேண்டும். உழவருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. அறுவடைக்கு எத்தனை மாதம் முன்னே நடவேண்டும் என்பதை அவர்கள் அறிவர். மாதம் ஒன்றாக ஆண்டுக்குப் பன்னிரண்டு நல்ல கட்டுரைகள் போதும். பழையவற்றை ஆண்டுதோறும் திருத்திப் புதுக்குவதும் அப்பணியில் ஒரு பகுதியே. எச்சொற்களைத் தேடி மக்கள் வந்தனர் என்பதைக் கூகிள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்னும் கருவி காட்டும். அடுத்த ஆண்டின் கட்டுரைகளை அதுகொண்டு திட்டமிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மதிப்பை விலைக்கு வாங்கித் தருவோம் என்பாரும் உளர். பணங்கொடுத்துச் சேர்த்த பொய்யான இணைப்புகளை நம்பி உயர்ந்த தளங்கள் பல, 2012 ஏப்ரலில் கூகிள் கொணர்ந்த பென்குயின் என்னும் மாற்றத்தால் சரிந்தன. உள்ளீடற்ற பக்கங்களைக் குவித்த தளங்களுக்கு 2011-இலேயே பாண்டா என்னும் மாற்றம் அவ்வண்ணம் செய்திருந்தது. இயந்திரங்களைக்கொண்டு கட்டுரைகளை மலைமலையாக ஆக்கித் தள்ளுவதும் 2024 மார்ச்சு முதல் வெளிப்படையாகக் குற்றமென அறிவிக்கப்பட்டது. உங்கள் தளத்தின் அதிகாரம் இத்தனை என்று நூற்றுக்கு இவ்வளவாகச் சில நிறுவனங்கள் எண் தரும். அவை அந்நிறுவனங்களின் சொந்த மதிப்பீடு. தேடுபொறியின் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை.

மாறாக, 2022 டிசம்பரில் கூகிள் தன் தர மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டியில், புலமை, ஏற்புடைமை, நம்பகம் என்று முன்னிருந்த மூன்றனோடு பட்டறிவு என்னும் நான்காவதையும் சேர்த்தது. எழுதுபவர் தாம் எழுதும் பொருளைக் கையால் தொட்டவரா என்பதே அதன் கருத்து. இந்த நான்காம் செல்வம் மறையூர் உழவரிடம் நிறைய உண்டு. பாகு பதமாயிற்று என்பதை எதனால் அறிகிறீர் என்று கேட்டால், அவர் சொல்லும் விடையை எந்த நகரத்து எழுத்தாளரும் புனைந்துரைக்க முடியாது. அவ்விடையை எழுதி, எழுதியவர் யார், எவ்வூர், எத்தனை ஆண்டுத் தொழில் என்பதையும் தம் அடுப்பின் படத்தையும் உடன்வைத்தால், அதுவே வலிய சான்று. 2024 முதல் தேடுபொறிகள் தாமே விடையைச் சுருக்கிக் கூறவும் தொடங்கிவிட்டன. மூலத்தில் மெய் இல்லையாயின் சுருக்கத்திலும் மெய் இராது.

மறையூருக்குச் சொன்னது அதன் அண்டை ஊர்களுக்கும் பொருந்தும். காந்தளூர், வட்டவடை ஆகிய மலையூர்களில் விளையும் பூண்டும், பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியில் விளையும் ஆட்டுக்கொம்பு அவரையும் துவரையும் 2022-ஆம் ஆண்டு இறுதியில் புவிசார் குறியீடு பெற்றன. பாலக்காடன் மட்ட அரிசிக்கு அது 2007-08லேயே கிடைத்திருந்தது. மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019-இல் குறியீடு பெற்றது. வட்டவடைப் பூண்டுக்கும் கொடைக்கானல் பூண்டுக்கும் என்ன வேற்றுமை என்று ஒருவர் கேட்டால், ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்தாமல், இரண்டையும் பயிரிட்டோர் வாய்ச்சொல்லால் விளக்கும் ஒரு கட்டுரை இருதரப்பாருக்கும் நன்மை செய்யும். நேர்மையான ஒப்பீட்டைப் பிறர் மனமுவந்து சுட்டுவர். அட்டப்பாடியிலோ, அவரையையும் துவரையையும் வழிவழியாகக் காத்தவர்கள் பழங்குடி மக்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் இசைவோடு, அவர்கள் பெயராலேயே பதிவு செய்தல் நம் கடமை.

இறுதியாக, பிறமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதில் என்ன பங்கு என்பதைக் கூறி முடிப்போம். உங்களுக்கு இரு மொழிகள் தெரியும். சிலருக்கு மூன்று நான்கும் தெரியும். அண்டை வீட்டார் வெல்லத்தையும் பூண்டையும் என்ன சொல்லால் தேடுகின்றனர் என்பதை மலையூர் உழவர் அறியார், நீங்கள் அறிவீர்கள். அச்சொல்லை எழுதி அனுப்புங்கள். உங்கள் தமிழ்ச் சங்கத்திற்கு வலைத்தளம் இருப்பின், பொங்கல் விழாவுக்கு எங்கிருந்து வெல்லம் வாங்கினீர்கள் என்பதை அதில் எழுதி, அவ்வுழவரின் பக்கத்தைச் சுட்டுங்கள். வாங்கிய பண்டம் குறையுடையதாயின் அதனையும் மறையாது தெரிவியுங்கள். குறை கேட்டுத் திருந்தும் இடமே நம்பிக்கைக்குரிய இடம்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிந்தபோது, தேவிகுளமும் சித்தூரும் கேரளத்தில் அமைந்தன. அங்கே தமிழ் பேசுவோர் அன்று முதல் இரு மொழிகளுக்கு நடுவே வாழ்ந்து வருகின்றனர். தம் பெயரைத் தாமே சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிட்டியது. இன்று ஒரு கைப்பேசியும், மாதம் ஒரு கட்டுரை எழுதும் பொறுமையும் இருந்தால் அவ்வாய்ப்பு கைக்குள் இருக்கிறது. கொப்பரைக்கு அருகில் நிற்பவரே கொப்பரையைப் பற்றி எழுதட்டும். தொலைவில் வாழும் நாம் அவ்வெழுத்தைப் படித்து, பிறருக்கும் சுட்டிக்காட்டுவோம். தேடிவரும் ஒருவர் உரிய வாசலில் வந்து நிற்பார்.