தொடர் அறுந்த செய்திகள்

 



எமது கையடக்கத் தொலைபேசிகளுக்கு வட்ஸ்அப் மூலம் வந்து சேரும் சில செய்திகளின் மேற்பகுதியில் இரண்டு அம்புக்குறிகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அச்செய்தி ஐந்து கைகளோ அதற்கும் மேற்பட்ட கைகளோ மாறி வந்திருக்கின்றது என்பதே அதன் பொருளாகும். 2019ஆம் ஆண்டு அந்நிறுவனம் இவ்வடையாளத்தை ஓர் எச்சரிக்கையாகவே அறிமுகப்படுத்தியது. ஆனால் எம்மில் பலர் அதனை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்கின்றனர். "இத்தனை பேர் அனுப்பியிருக்கின்றார்கள், பொய்யாக இருக்குமா?" என்று கேட்கின்றனர். இக்கேள்வியைச் சற்று ஆராய்வதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

ஹதீஸ் கலையைக் கற்றவர்கள் இவ்விடத்தில் ஒரு நியாயத்தை முன்வைக்கக்கூடும். பலர் அறிவிக்கும் செய்தியை நமது இமாம்களும் உறுதியானதாக ஏற்றுள்ளார்களே, அதற்கு "முதவாதிர்" என்று பெயரும் இட்டுள்ளார்களே என்பர். உண்மைதான். ஆயினும் அவர்கள் விதித்த நிபந்தனைகளை நோக்குங்கள். செய்தியின் ஒவ்வொரு தலைமுறையிலும் அறிவிப்பாளர்கள் பலராக இருத்தல் வேண்டும். அவர்கள் கூடிப் பேசிப் பொய் சொல்வதற்கு இயலாதவாறு இருத்தல் வேண்டும். அச்செய்தி இறுதியில் "நாம் கண்டோம்", "நாம் கேட்டோம்" என்று கூறுபவர்களிடம் போய் முடிதல் வேண்டும்.

வட்ஸ்அப் செய்தியின் நிலை என்ன? அதனை அனுப்பியோர் பத்தாயிரம் பேராக இருக்கலாம். ஆனால் அவர்களுள் எவரும் கண்டவரல்லர், கேட்டவரல்லர். ஒருவர் எழுதியதையே அனைவரும் பிரதி செய்கின்றனர். அந்த ஒருவரும் யார் என்று தெரியாதவர். ஹதீஸ் கலை அத்தகையவரை "மஜ்ஹூல்" என்று அழைக்கின்றது. அவரது அறிவிப்பை ஏற்பதில்லை. ஆகவே இரட்டை அம்புக்குறி எமக்குச் சொல்வது "பல சாட்சிகள் உண்டு" என்பதன்று. "மூலம் வெகுதூரத்தில் மறைந்துவிட்டது" என்பதேயாகும். ஒரு செய்தியை முன்னனுப்பும்போது அதனை முதலில் எழுதியவரின் பெயர் அதனுடன் வருவதில்லை. ஒரேயொரு விரல் தொடுகையில் அறிவிப்பாளர் தொடர் அறுந்துவிடுகின்றது.

எமது முன்னோர்களோ அத்தொடரைக் காப்பதற்காகப் பாலைவனங்களைக் கடந்தார்கள். நபித்தோழர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரழி) அவர்கள், ஒரேயொரு ஹதீஸை நேரடியாகக் கேட்டறிவதற்காக ஒட்டகமொன்றை வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து, ஷாம் தேசத்திலிருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரழி) அவர்களிடம் சென்றார்கள். அந்த ஒரு மாதப் பயணத்திற்கும் எமது ஒரு விநாடிக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சிந்தியுங்கள்.

அன்பார்ந்த நேயர்களே! தொடர் அறுந்த செய்தி என்ன செய்யும் என்பதற்குச் சமகால உதாரணங்கள் உண்டு. பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளைக் கவனமாகப் பாதுகாக்குமாறு பெற்றோருக்கு உணர்த்தும் நோக்கில் ஒரு காணொளி தயாரிக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளில் வருவோர் வீதியில் விளையாடும் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்வர். பின்னர் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, விழிப்புணர்வு வாசகம் எழுதிய பதாகையொன்றைக் காட்டுவர். யாரோ அதன் இறுதிப் பகுதியை வெட்டி நீக்கினர். எஞ்சிய பகுதி, உண்மையான கடத்தல் என்ற பெயரில் 2018ஆம் ஆண்டு இந்தியாவெங்கும் பரவியது. குழந்தை கடத்துவோர் ஊருக்குள் வந்துவிட்டனர் என்ற வதந்திகள் அவ்வாண்டு பல மாநிலங்களில் கொலைகளுக்கு இட்டுச் சென்றன. ஜூலை 1ஆம் திகதி மகாராஷ்டிர மாநிலத்தின் ரைன்பாடா கிராமத்தில், வெளியூரிலிருந்து வந்த ஐந்து ஏழைகள் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டனர்.

எமது தாயகத்தின் அனுபவமும் கசப்பானதே. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவில் காணப்பட்ட ஒரு கட்டியைக் காட்டி, அது மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை என்று குற்றஞ்சாட்டப்பட்டது. சிங்கள மொழியில் போதிய பரிச்சயமற்ற அச்சகோதரரை மிரட்டிப் பெற்ற பதில், ஒப்புதல் வாக்குமூலம் போன்று ஒளிப்பதிவு செய்து பரப்பப்பட்டது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அக்கட்டி வெறும் மாவுக் கட்டியே என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கையிட்டார். ஆனால் வதந்தி ஓரிரவில் சென்ற இடத்திற்கு உண்மை பல நாட்கள் கழித்தே சென்றது. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பிரதேசங்களில் வன்செயல் வெடித்தது. அதன் தொடக்கத்திற்கு வேறொரு சம்பவம் காரணமாயினும், சமூக ஊடகங்களில் பரவிய வெறுப்பே எரியும் தீயில் எண்ணெயாயிற்று. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைத் தற்காலிகமாகத் தடை செய்தது. இவ்விடயத்தில் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020ஆம் ஆண்டு மன்னிப்புக் கோரியது. எரிந்த வீடுகளுக்கும் பிரிந்த உயிர்களுக்கும் அம்மன்னிப்பு ஈடாகுமா?

வதந்தியினால் வீடிழந்த ஒரு சமூகம், பிறரைப் பற்றிய வதந்தியைத் தனது கையால் அனுப்பலாகாது. இதனை நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டும். அடுத்த வீட்டு சிங்கள, தமிழ் சகோதரர்களைப் பற்றி, எமது ஊரின் ஒரு வைத்தியரைப் பற்றி, ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி ஆதாரமின்றி ஒன்று வரும்போது, அம்பாறையில் அச்சகோதரர் நின்ற இடத்தில் இன்று வேறொருவர் நிற்கின்றார் என்பதை உணர வேண்டும்.

தொழில்நுட்பவியலாளர்கள் தம்மால் இயன்ற வேலியைப் போட்டுள்ளனர். 2019 ஜனவரியிலிருந்து, ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து உரையாடல்களுக்கே முன்னனுப்பலாம் என வட்ஸ்அப் உலகெங்கும் வரையறுத்தது. 2020 ஏப்ரலில், இரட்டை அம்புக்குறியுடைய செய்தியை ஒரு தடவையில் ஓர் உரையாடலுக்கு மாத்திரமே அனுப்பலாம் என ஆக்கியது. அதன்பின் அத்தகைய செய்திகளின் பரவல் 70 சதவீதத்தால் குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. இதில் எமக்குப் படிப்பினை உண்டு. அனுப்புவதற்குச் சற்றுச் சிரமம் ஏற்பட்டவுடன் பெரும்பாலானோர் அனுப்பாமலே விட்டுவிட்டனர். ஆகவே அவர்கள் முன்னர் அனுப்பியது அச்செய்தி அவசியமானது என்பதற்காகவன்று. எளிதாக இருந்தது என்பதற்காகவேயாகும்.

இந்த இலேசான மனப்போக்கையே அல்குர்ஆன் கண்டிக்கின்றது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மீது அவதூறு பரப்பப்பட்ட வேளையில் அருளப்பட்ட ஸூரதுன் நூரின் 15ஆவது வசனம், தமக்கு அறிவில்லாத ஒன்றை நாவினால் வாங்கி நாவினாலேயே கடத்தியவர்களை விளித்துப் பேசுகின்றது. அவர்கள் அதனை அற்பமாகக் கருதினர். அல்லாஹ்விடத்தில் அது பாரதூரமானதாக இருந்தது என உணர்த்துகின்றது. செவியும் உள்ளமும் இடையில் இல்லை. நாவிலிருந்து நாவிற்கே செய்தி சென்றது. இன்று விரலிலிருந்து விரலுக்குச் செல்கின்றது. ஸூரதுல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனமோ, செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு பணித்து, அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலையைப் பற்றி எச்சரிக்கின்றது.

மார்க்கத்தின் பெயரால் வருபவற்றிலும் இதே பேணுதல் அவசியம். றமழானின் வருகையை முதலில் அறிவிப்பவருக்கு நரகம் ஹராம் என்ற வாசகம் ஆண்டுதோறும் நபி (ஸல்) அவர்களின் பெயரால் வலம் வருகின்றது. அதற்கு ஹதீஸ் நூல்களில் எவ்வித அடிப்படையும் இல்லை. மதீனாவின் ஷெய்க் அஹ்மத் கண்ட கனவு என்ற துண்டுப்பிரசுரத்தை எமது மூத்தோர் அறிவர். இத்தனை பிரதிகள் எடுத்து விநியோகிக்காவிட்டால் துன்பம் நேரும் என்று அது அச்சுறுத்தியது. அறிஞர் இப்னு பாஸ் (ரஹ்) அவர்கள் அதனைப் பொய்யென மறுத்து எழுதியுள்ளார்கள். அன்று அச்சகத்திற்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. இன்று பொய்க்குச் செலவுமில்லை, தாமதமுமில்லை.

இளைஞர்களே! ஒரு செய்தி வந்தால் நான்கு வினாக்களைக் கேளுங்கள். இதனை முதலில் கூறியவர் யார்? இது எப்போது நிகழ்ந்தது? இது முழுமையானதா, வெட்டப்பட்டதா? இது பொய்யானால் யாருக்குத் தீங்கு? விடை தெரியாதவிடத்து மௌனமே பேணுதலாகும். கூகிளில் ஒரு புகைப்படத்தைக் கொடுத்துத் தேடினால், அது பழையதா, வேறு நாட்டினதா என்பது பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். செயற்கை நுண்ணறிவினால் ஒருவரது குரலையும் முகத்தையும் கூடப் போலியாக உருவாக்க முடிகின்ற இக்காலத்தில், "நானே காணொளியில் பார்த்தேன்" என்பதும் போதிய சாட்சியாகாது.

பெற்றோர்களே! பிள்ளைகளின் தொலைபேசியைக் கண்டிக்கும் நாம், குடும்பக் குழுமத்தில் நாம் அனுப்புவதையும் நோக்க வேண்டும். "வாப்பா, இது பழைய படம்" என்று மகன் கூறினால் அதனை மரியாதைக் குறைவாகக் கருதாதீர்கள். உம்மாவுக்கு மகள் ஒரு செய்தியின் மூலத்தைத் தேடிக் காட்டினால் அவளுக்காகத் துஆச் செய்யுங்கள். செய்தியைத் தீர விசாரிக்கும் பழக்கம் வீட்டில் வேரூன்றினால் அது வீதிக்கும் செல்லும்.

தவறான செய்தியை அனுப்பிவிட்டால் என்ன செய்வது? அனைவருக்கும் அழித்துவிடும் வசதி உண்டு. ஆனால் அழிப்பது திருத்துவதாகாது. பார்த்தவர் உள்ளத்தில் அது நிலைத்திருக்கும். அவர் மேலும் அனுப்பியிருப்பார். ஸூரதுல் பகராவின் 160ஆவது வசனம், உண்மையை மறைத்தோரின் தௌபாவைப் பற்றிக் கூறுகையில், சீர்திருத்துவதையும் தெளிவுபடுத்துவதையும் அதனுடன் இணைத்தே கூறுகின்றது. எனவே எந்தக் குழுமத்திற்கு அனுப்பினோமோ அதே குழுமத்தில் "அது பிழையான செய்தி" என எழுதுவதே முறையாகும். வெட்கம் சிறிது நேரம். பொறுப்போ மறுமை வரைக்கும்.

அல்லாஹுத் தஆலா எமது நாவுகளையும் விரல்களையும் பிறருக்குத் தீங்கிழைப்பதிலிருந்து பாதுகாப்பானாக! எமது நாட்டில் சகல சமூகங்களும் நிம்மதியாக வாழ அருள்புரிவானாக! ஆமீன்.