எலியும் புழுவும்

(திருப்பூரில் பனியன் தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி என்றால் நம்மில் பலர் "தலைவிதி" என்று சொல்லிவிடுகிறோம். காட்டிலுள்ள எலிக்கும் குடலில் புழு இருக்கிறதே, அது எந்த ஜன்மத்தில் என்ன பாவம் செய்தது? எனவே அந்த எலியின் புழுவையே சற்று விசாரித்துப் பார்ப்போம்.

ஹெலிக்மோசோமாய்டிஸ் என்று ஒரு புழு. அதில் ஒரு வகை வீட்டுச் சுண்டெலியிலும், மற்றொரு வகை ஐரோப்பாவின் காட்டுச் சுண்டெலியிலும் வாழ்கின்றன. வெகுகாலம் இரண்டையும் ஒன்றென்றே எண்ணியிருந்தார்கள். இவை பிரிந்து குறைந்தது பத்து லட்சம் வருஷமாயிற்று என்று 2023-ல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டுகிறது.

உடலில் அந்நியப் பொருள் நுழைந்தால் காவல் அணுக்கள் எதிர்க்கும். சண்டை மிஞ்சிச் சொந்த உடலே கெடாதபடி, "போதும்" என்று அடக்கும் ஒரு பொருளும் உடலில் சுரக்கிறது. அதன் வேலையையே செய்யும் ஒரு பொருளை இப்புழு சுரக்கிறது என்று 2017-ல் கண்டார்கள். அமைப்பில் அது வேறு இனம். ஆனால் அசல் பொருந்தும் இடத்தில் பொருந்திக் காவலை ஏய்த்துவிடுகிறது. சுருங்கச் சொன்னால், துணி வேறு, லேபிள் மட்டும் பெரிய கம்பெனியுடையது!

மூளையென்று சொல்லத்தக்கது இல்லாத புழுவுக்கு இந்தத் தந்திரத்தைக் கற்பித்தவர் யார்? ஒருவருமில்லை. பிறக்கும் புழுக்களுக்குள் சிறுசிறு வித்தியாசங்கள் உண்டு. காவலுக்குத் தப்பியது முட்டையிட்டது; அகப்பட்டது அழிந்தது. எல்லாம் ஒரே வேஷம் போட்டால் காவல் கண்டுகொள்ளும். அபூர்வமான வேஷம் தப்பும். அதனால்தான் காவலோடு மோதும் மரபணுக்களில் இப்புழுக்களுக்குள் அவ்வளவு பேதம்.

எலிக்கு இன்னொரு புழு உண்டு. நிப்போஸ்ட்ராங்கிலஸ் என்று பெயர். அது தோலைத் துளைத்து, நுரையீரல் வழியாய்க் குடலை அடைகிறது. நம் கொக்கிப் புழுவுக்கும் அதே பாதைதான். மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பவன் அதற்கு வாசலைத் திறந்துவிடுகிறான். இதில் விதி எங்கே வந்தது?

2015 முதல் நம் நாட்டில் குடற்புழு நீக்க நாள் என்று வைத்துப் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல காரியம், தவறாமல் கொடுங்கள். ஆனால் மருந்தும் ஒரு சல்லடையே. ஆட்டுப் புழுவுக்கு 1961-ல் தயாபெண்டசோல் வந்தது; 1964-லேயே அதற்கு அடங்காத புழு தலைகாட்டிவிட்டது.

ஆகவே மருந்தோடு கக்கூசும், சுத்தமான தண்ணீரும், காலுக்குச் செருப்பும் வேண்டும். நீங்கள் குடியிருக்கும் லயன்களில் இவை இல்லையென்றால் விதியை நோவதில் பயனில்லை. கட்டித் தரக் கடமைப்பட்டவர்களைக் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்.