குற்றாலத்துத் தைலமும் உடல் நோவும்

 

மார்கழித் திருவாதிரைத் திருநாளில் சித்திர சபையின் அருகே நின்று பேசும் பேறு அடியேனுக்கு வாய்த்திருக்கிறது. திருவாலங்காடு, தில்லை, மதுரை, நெல்லை என்னும் தலங்களோடு சேர்த்து எண்ணப்படும் ஐம்பெரும் சபைகளுள், கூத்தப்பெருமான் சித்திர வடிவாகவே விளங்கும் சபை இது. ஆயினும் இன்று நான் கூத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. நோவைப் பற்றிப் பேசப் போகிறேன். முதுகு நோவு, கழுத்து நோவு, முழங்கால் நோவு. திருவிழா மேடையில் இஃதென்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். சற்றே பொறுத்தருள வேண்டும்.

திருமால் கோலமாக இருந்த திருமேனியின் சிரசில் அகத்திய முனிவர் கைவைத்து அழுத்த, அது சிவலிங்கமாகக் குறுகிற்று என்பது இத்தல வரலாறு. அந்த அழுத்தத்தால் பெருமானுக்குத் தலைவலி உண்டாயிற்றாம். அது தணிய, மூலிகைகளைக் காய்ச்சி நல்லெண்ணெய் சேர்த்து எடுத்த தைலத்தைத் திருமுடியில் சாத்துகிறார்கள். அருவிச் சாரலின் குளிர்ச்சிக்கு மாற்றாக இரவில் கஷாயமும் நிவேதிக்கிறார்கள். எங்கும் நிறைந்த பரம்பொருளுக்குத் தலைவலி ஏது என்று தருக்கம் பேசலாம். நம் முன்னோர் தருக்கம் பேசவில்லை, தைலம் காய்ச்சினார்கள்.

என் அன்னையார் தென்காசியில் பீடி சுற்றி எங்களை வளர்த்தவர். காலையில் சுளகை மடியில் வைத்துக் குனிந்தால் விளக்கு வைக்கும்வரை நிமிர மாட்டார். ஐம்பது வயதிற்குள் கழுத்தைத் திருப்ப இயலாமற் போயிற்று. நானோ சாத்திரம் சிறிது படித்த செருக்கில் இருந்த இளைஞன். “இது பிராரத்த வினை அம்மா, நுகர்ந்துதான் கழிக்க வேண்டும்” என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, “ஏலே, அப்படீன்னா குத்தாலத்துச் சாமிக்கு எதுக்குத் தினமும் தைலம் சாத்துதாக? அவருக்கு என்ன வினை?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. வேறு வழி காட்டுவாரின்றி அவர் கடையில் வாங்கி ஆண்டுக்கணக்காக விழுங்கிய வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிட்டன என்று மருத்துவர் பின்னாளில் சொன்னபோதுதான், நான் சொன்ன வேதாந்தத்தின் விலை எனக்குப் புரிந்தது.

நாவுக்கரசரை எண்ணிப் பாருங்கள். சூலை நோய் குடரை முறுக்கியபோது, வினைப்பயன் என்று அவர் வாளா கிடக்கவில்லை. தமக்கையார் திலகவதியாரிடம் ஓடினார், திருநீறு பெற்றார், திருவதிகைப் பெருமானிடம், இவ்வலியைத் தாங்க மாட்டேன், விலக்க வேண்டும் என்று பாடினார். நோவைச் சொல்லி அழுவது பக்திக்கு இழுக்கென்றால் அவருடைய முதற்பதிகமே நமக்குக் கிடைத்திராது. நோய் நீங்கிய உடம்பைக் கொண்டு அவர் செய்ததென்ன? உழவாரம் ஏந்தினார்.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என நம் சமயம் வகுத்த நாற்பாதங்களுள் யோகம் மூன்றாவது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அதன் எட்டு உறுப்புகளையும் விரிக்கிறது. அதன் குறிக்கோள் சிவத்தோடு கூடுதலே. முதுகு வலி தீர்ப்பதன்று. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் ஐந்து நிமிடம் அசையாது அமர முடியாதவன் தியானம் செய்வது எங்ஙனம்?

நாட்பட்ட வலி விந்தையானது. புண் ஆறிய பின்னும் அது நீடிக்கக்கூடும். வலிக்குமோ என்னும் அச்சத்தால் தசைகளை இறுக்கிக்கொள்கிறோம். இறுக்கத்தால் அசைவு குறைகிறது. அசையாத தசை மெலிகிறது. மெலிந்தது மேலும் நோகிறது. உறக்கம் கெடுகிறது, மனம் சோர்கிறது. ஆகவேதான் உடலை மட்டும் பார்த்தோ மனத்தை மட்டும் பார்த்தோ இதைத் தீர்க்க முடிவதில்லை. மூச்சை மெல்ல நீட்டி வெளிவிட்டு, அம்மூச்சோடு கையையும் முதுகையும் அசைக்கும்போது, அஞ்சாமல் அசையலாம் என்பதை உடல் சிறிது சிறிதாகக் கற்கிறது.

சென்னையில் 1976-ஆம் ஆண்டு, தம் தந்தையார் கிருஷ்ணமாச்சாரியார் பெயரால் தேசிகாச்சார் நிறுவிய யோக மந்திரம், ஆளுக்கேற்ற பயிற்சி என்னும் முறையைப் பரப்பியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர்ப்பகுதியில் நாட்பட்ட இடுப்பு வலியுடைய 320 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 12 வார யோகப் பயிற்சி இயன்முறை மருத்துவத்திற்குக் குறைந்ததன்று என்று கண்டார்கள். குறைந்ததன்று என்றார்களேயன்றி மேலானது என்று சொல்லவில்லை. நம்மவர் சிலர் மேடையேறி, யோகத்தால் தீராத நோயே இல்லை என்கிறார்கள். அது யோகத்திற்குச் செய்யும் தொண்டன்று.

வலி காலில் இறங்கி மரத்துப்போனால், கால் வலுவிழந்தால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால், காய்ச்சலோடு முதுகு நொந்தால், விழுந்த பின் வலித்தால் முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். கழுத்து நோவுடையார் சிரசாசனத்தை நினைக்கவும் வேண்டா.

என் அன்னையாருக்கு ஓர் ஆசிரியர் சொல்லித் தந்தவை மிக எளியவை. சுவரில் முதுகு சார்த்தி அமர்ந்து, மூச்சை இழுக்கையில் கைகளை உயர்த்தி, விடுகையில் தாழ்த்துதல். முழங்காலை மடித்து மல்லாந்து இளைப்பாறுதல். அரைமணிக்கு ஒருமுறை சுளகைக் கீழே வைத்து எழுந்து நடத்தல். இந்த மூன்றாவதுதான் அவருக்கு அரிதாயிருந்தது; எழுந்தால் சுற்றும் பீடி குறையும், கூலி குறையும். வலி முற்றும் நீங்கிற்று என்றால் பொய்யாகும். ஆனால் அடுத்த மாசித் திருவிழாவில் விசுவநாதர் தேர் வீதி திரும்புகையில், அவர் உடம்பைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பி, தேர் மறையும் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்பர்களே, நெடுநேரம் தரையில் அமர்ந்திருக்கிறீர்கள். முதியவர்கள் சட்டென்று எழ வேண்டாம். காலை நீட்டி, பத்து முறை மெல்ல மூச்சு விட்டு, அருகிலிருப்பவர் கையைப் பற்றி எழுந்து வாருங்கள். தீபாராதனைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.