ஸில்ட் தீவின் குளிர்காலம்

விடுமுறையைக் கழிக்க மக்கள் திரளும் கடற்கரை ஊர்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கோடைகாலத்தையே பேசுகின்றனர். வந்தவர் அனைவரும் திரும்பிச் சென்ற பின்னர் அவ்வூர் என்ன செய்கிறது, அங்கே எஞ்சி நிற்பவர் யாவர் என்று கேட்பார் மிகச் சிலரே. ஜெர்மனி நாட்டின் வடகோடியில், வடகடலின் அலைகளுக்கு எதிரே நீண்டு கிடக்கும் ஸில்ட் என்னும் தீவைக் குறித்து அக்கேள்வியை இன்று கேட்டுப் பார்ப்போம்.

வடக்குத் தெற்காகச் சுமார் 38 கிலோமீட்டர் நீளமுள்ளது இத்தீவு. அகலமோ சில இடங்களில் ஒரு கிலோமீட்டரைக்கூட எட்டாது. மேற்குக் கரை முழுவதும் ஒரே மணற்பரப்பு. 1855ஆம் ஆண்டில் வெஸ்டர்லாண்ட் என்னும் ஊர் கடல் நீராட்டுக்குரிய இடமாயிற்று. 1927 ஜூன் முதல் நாளன்று, பெருநிலத்திலிருந்து கடலை ஊடறுத்து 11 கிலோமீட்டர் நீளத்தில் அமைத்த அணைமேல் ரயில் ஓடத் தொடங்கிற்று. இன்றும் அந்த அணையின் மீது சாலை கிடையாது. மோட்டார் வண்டிகளும் ரயிலின் மேல் ஏறியே வருகின்றன. நிலையாக வாழ்வோர் ஏறத்தாழப் பதினெண்ணாயிரம் பேர். கோடையில் வருவோர் தொகையோ இதனினும் பன்மடங்கு.

டிசம்பர் மாதத்தில் அங்கே பகற்பொழுது ஏழு மணி நேரத்திற்குச் சற்றே அதிகம். நிழல் தரும் பிரம்புக் கூடை நாற்காலிகளை எல்லாம் கரையிலிருந்து அகற்றிவிடுவர். கிறிஸ்துமஸுக்கு மறுநாளாகிய 26ஆம் தேதியன்று, வேடிக்கையான உடை தரித்த சிலர் வெஸ்டர்லாண்டில் கரையோரம் கூடிப் பனிநீர் போன்ற கடலில் பாய்ந்து, பாய்ந்த வேகத்திலேயே வெளியேறுவர். பார்க்க நிற்கும் கூட்டம் குளிப்போரைக் காட்டிலும் பெரிது. அதில் வியப்பும் இல்லை.

மாணவ நண்பர்கள் காண வேண்டிய காட்சி வேறொன்று உண்டு. ஸில்ட்டுக்கும் அதன் தெற்கே உள்ள அம்ரும் தீவுக்கும் இடையில் மணல்திட்டுகள் உள்ளன. சாம்பல் நிறக் கடல்நாய்கள் அங்கே நவம்பர் முதல் ஜனவரி வரை குட்டி ஈனுகின்றன. அதே கடலில் வாழும் சிறிய புள்ளிக் கடல்நாய், இதமான கோடையில் குட்டி போடுகிறது. அதன் குட்டி பிறந்த சில மணி நேரத்தில் நீந்தவும் வல்லது. சாம்பல் கடல்நாயோ புயல் மாதங்களைத் தேர்ந்துகொண்டது. அதன் குட்டி வெண்பஞ்சு போன்ற உரோமத்துடன் பிறக்கிறது. அவ்வுரோமம் குளிர்காற்றைத் தாங்குமேயன்றி நீரைத் தாங்காது. ஆகவே மூன்று வார காலம் குட்டி தரையிலேயே கிடந்து பால் குடிக்கிறது. அப்பாலில் பாதியளவு கொழுப்பு! அதனால் குட்டியின் எடை அவ்வார முடிவுகளில் மூன்று மடங்காகப் பெருகுகிறது. பின்னர் தாய் அதனை விட்டுப் போய்விடுகிறது.

புயல் எழுந்து மணல்திட்டை நீர் மூடுமாயின் குட்டிகள் அடித்துச் செல்லப்பட்டு ஸில்ட்டின் கரையில் ஒதுங்குகின்றன. உலாவ வருவோர் அவற்றைக் கண்டு, வழிதவறிய பிள்ளை என்றெண்ணிக் கடலுக்குள் தள்ள முயல்வதும் உண்டு. இரக்கத்தினால் செய்யும் அச்செயலே குட்டிக்கு எமனாகக்கூடும். ஆட்கள் சூழ்ந்து நின்றாலோ தாய் கரையேற அஞ்சும். இவற்றைக் கவனிக்க அரசு நியமித்த காவலர் உள்ளனர். கடல்நாய் வேட்டைக்காரர் என்பது இன்றும் அவர்தம் பெயர்! வேட்டை 1970களிலேயே நின்றுவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. பழங்காலத்தில் மனிதன் கொன்று தீர்த்தமையால் இக்கடற்பகுதியிலிருந்தே மறைந்துபோன சாம்பல் கடல்நாய், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தானே திரும்பி வந்தது. 1985இல் இப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று.

அலை பின்வாங்கும்போது ஓடிச்சென்று கொத்தியும், அலை வரும்போது ஓடி மீண்டும் திரியும் வெண்ணிற உள்ளான்களையும் அங்கே காணலாம். ஆர்க்டிக் பகுதியில் முட்டையிடும் இவ்வினத்தின் பறவைகளே நம் கோடிக்கரைக்கும் குளிர்காலத்தில் வருகின்றன. வாத்துகளின் கதை துயரமானது. காம்பென் என்னும் ஊருக்கு அருகே 1767இல் ஒரு குளம் வெட்டி, பழகிய வாத்துகளை மிதக்கவிட்டு, அவற்றை நம்பி இறங்கும் காட்டு வாத்துகளைக் குறுகிச் செல்லும் வலைக் கால்வாய்களுள் நுழையச் செய்து பிடித்தனர். 1921 வரை பிடிபட்டவை ஏறத்தாழ ஏழு லட்சம். இன்று அக்குளம் இயற்கைக் காப்பிடமாக இருக்கிறது.

குளிர்காலப் புயல்கள் தீவையே அரித்துத் தின்பவை. 1436இல் ஐடும் என்னும் ஊரைக் கடல் கொண்டது. தப்பியோர் அமைத்த ஊரே வெஸ்டர்லாண்ட் என்பது அங்குள்ளோர் மரபு. 1972 முதல், கடலடியிலிருந்து மணலைக் குழாய்கள் வழியே கரையில் கொட்டி வருகின்றனர். ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் கன மீட்டர்! கோடையில் கொட்டியதைக் குளிர்காலம் எடுத்துக்கொள்கிறது. மறு கோடையில் மீண்டும் கொட்டுகின்றனர். பயனற்ற வேலை என்று நகைக்கத் தோன்றும். ஆயினும் கடல் தின்பது இட்ட மணலை. இல்லையேல் தின்பது தீவை.

கடலரிப்பைவிட அமைதியான மற்றோர் அரிப்பும் உண்டு. கூரை வேய்ந்த அழகிய வீடுகள் பலவற்றில் குளிர்கால இரவுகளில் விளக்கு எரிவதில்லை. அவை வெளியூர்ச் செல்வர் சில வாரங்கள் தங்குவதற்கென வாங்கியவை. வீட்டு விலை உயர்ந்து உயர்ந்து, தீவில் பணிபுரிவோர் ஆயிரக்கணக்கில் பெருநிலத்தில் குடியிருந்து, அதிகாலை ரயிலில் வந்து போகின்றனர். பிரசவங்களின் தொகை குறைந்தமையால் தீவின் மருத்துவமனையில் மகப்பேற்றுப் பகுதி 2013ஆம் ஆண்டின் இறுதியோடு மூடப்பட்டது. அதன்பின் கருவுற்ற பெண்கள் பேறுகாலத்திற்கு முன்னரே தீவை விட்டுப் பெருநிலம் சென்று தங்க வேண்டியதாயிற்று. புயலில் ரயில் நின்றால் என் செய்வது? மணல்திட்டில் கடல்நாய் ஈனுகிறது. தீவின் பெண்ணுக்கோ சொந்த மண்ணில் பேறுகாலம் இல்லை.

இத்தகைய குளிர்காலத்தின் கடைசியில் வருவது பீக்கெ என்னும் தீ விழா. பிப்ரவரி 21ஆம் நாள் மாலையில் ஒவ்வோர் ஊராரும் பந்தம் ஏந்தி நடந்து, முட்புதரும் காய்ந்த கிறிஸ்துமஸ் மரங்களும் குவித்த மேட்டுக்குத் தீ மூட்டுவர். பீக்கெ என்றால் அடையாளத் தீ. முன்னாளில் மறுநாளாகிய பீட்டர் திருநாள் வரை கப்பல்கள் ஓடுவதில்லை. அதன்பின் தீவின் ஆண்கள் திமிங்கில வேட்டைக்குப் புறப்படுவர். அவரை வழியனுப்பிய தீ இது என்பர். அதன் தொடக்கம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கைட்டும் ஊர்ப் பள்ளியாசிரியர் சி. பி. ஹான்சென் 19ஆம் நூற்றாண்டில் எழுதியவை இவ்விழாவுக்குப் பெரும் புகழ் சேர்த்தன. அடுத்த ஊர் இளைஞர் முன்கூட்டியே திருட்டுத்தனமாய்க் கொளுத்திவிடாதபடி இரவில் காவல் இருப்பதும் பழைய வழக்கம்.

தீ மூட்டுமுன் ஊர்ப் பெரியோர் பேசுவர். ஜெர்மன் மொழியோடு, தீவின் சொந்த மொழியாகிய ஃபிரீசிய மொழியிலும் பேச்சு நிகழும். வீட்டில் அம்மொழி பேசுவோர் இன்று மிகச் சிலர். ஆயினும் அன்று மாலை இருளில் நிற்கும் கூட்டம் அதனைக் கேட்டுத்தான் தீ எரிவதைப் பார்க்கிறது. இப்போது சுற்றுலாப் பயணிகளும் இதற்கென்றே வருகின்றனர். அது நன்றோ தீதோ என்று தீவினரே பிணங்குகின்றனர். தீ தணிந்தபின் கீரைக்கோசும் இறைச்சியும் உண்பர். 22ஆம் நாள் தீவின் பள்ளிகளுக்கு விடுமுறை. அன்று பிற்பகலில் பிள்ளைகள் கூடி ஆடுவர்.