மிடிக்குள் கமகம்



மின்னணு இசையின் அடிப்படைகளைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பலர் வீட்டில் கீபோர்டும் லேப்டாப்பும் வைத்திருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம் சங்கீதத்துக்கு உயிர், சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம். மின்னணு இசைக்கருவிகளை இணைக்கும் மிடி முறை அதைத் தாங்கும், ஆனால் தானாகத் தராது. வாசிக்கிறவர்தான் அதை உள்ளே கொண்டுவர வேண்டும். அதற்கு மிடி எப்படி இயங்குகிறது என்று அடியிலிருந்து தெரிய வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் ஒரு கம்பெனியின் சிந்தசைசர் இன்னொரு கம்பெனியின் சிந்தசைசரோடு எளிதில் சேராது. ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நடத்திய இக்குதாரோ ககெஹாஷிக்கும், கலிபோர்னியாவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நடத்திய டேவ் ஸ்மித்துக்கும் இந்தச் சிக்கல் உறுத்தியது. இருவரும் வியாபாரப் போட்டியாளர்கள். 1981இல் ஸ்மித், தன்னோடு வேலை செய்த செட் வுட்டுடன் சேர்ந்து, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஓர் இணைப்பு முறையை நியூயார்க்கில் ஒலிப் பொறியாளர்கள் முன் வைத்தார். 1983 ஜனவரியில் அனஹைம் நகரில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் ஸ்மித்தின் புராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6ஐயும் கேபிளால் இணைத்தார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலித்தது. மிடி என்று பெயர் பெற்ற இந்த முறையைப் பயன்படுத்த யாரிடமும் அவர்கள் உரிமைத் தொகை கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையால்தான் அது உலகெங்கும் பரவியது என்பது என் உறுதியான எண்ணம். 2013இல் இருவருக்கும் டெக்னிகல் கிராமி விருது கிடைத்தது.

அந்தக் கேபிளில் ஓடுவது என்ன? ஓசை துளியும் ஓடுவதில்லை. நடு ஸி கட்டையை அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று எண்கள் புறப்படும்: 144, 60, 100. முதலாவது, 'முதல் சேனலில் ஒரு சுரத்தைத் தொடங்கு' என்ற கட்டளை. இரண்டாவது, எந்தக் கட்டை என்பது. மூன்றாவது, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பது. கட்டை எண்ணும் அழுத்தும் வேகமும் 0 முதல் 127 வரை. விரலை எடுத்ததும் 'நிறுத்து' என்று இன்னொரு செய்தி போகும். விநாடிக்கு 31,250 பிட் என்ற வேகத்தில் இந்த மூன்று எண்களும் போய்ச்சேர ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்றுக் குறைவாகும். பத்து விரலாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால் முதல் சுரத்துக்கும் பத்தாவதற்கும் இடையில் எட்டொன்பது மில்லிசெகண்ட் விழும். காது அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.

இந்த அமைப்பு கீபோர்டு வாசிப்பவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஒரு சுரம் என்றால் ஒரு கட்டை, அழுத்தினால் தொடக்கம், எடுத்தால் முடிவு. நம் தோடி ராகத்துக்கு இது போதுமா? நடு ஸியை சட்ஜமாக வைத்தால் தோடியின் காந்தாரம் 63ஆம் கட்டை. அதை அப்படியே அழுத்திப் பிடித்துப் பாருங்கள். தோடி வராது. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவில் அசைந்தால்தான் அந்தக் காந்தாரம் பிறக்கும். இங்கேதான் கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் கைகொடுக்கிறது. வழக்கமான அமைப்பில் அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் நகரும். 63இலிருந்து இரண்டு மேலே போனால் 65, சுத்த மத்திமம். இரண்டு கீழே வந்தால் 61, சுத்த ரிஷபம். தோடிக் காந்தாரத்தின் அசைவு முழுவதும் அந்தச் சக்கரத்தின் எல்லைக்குள் அச்சாகப் பொருந்துகிறது! அந்த வீச்சுக்குள் 16,384 படிகள் இருப்பதால் நெளிவு உடையாமல் வரும்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. பிட்ச் பெண்ட் ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்து வளைக்கும். அதே சேனலில் தம்புரா ஒலித்தால் சட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து ஆடி, சுருதியே கெடும். சுருதியை எப்போதும் தனிச் சேனலில் வையுங்கள். சேனல்கள் 16 இருக்கின்றன. 2018இல் வந்த எம்பிஇ முறை ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் கொடுத்தது. 2020இல் ஏற்கப்பட்ட மிடி 2.0 ஒரே சேனலிலும் சுரம்சுரமாக வளைக்க இடம் தருகிறது. நம்மவர்கள் இவற்றை இன்னும் போதிய அளவு எடுத்தாளவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இனி ஓசைக்கு வருவோம். மிடியின் கட்டளையைக் கேட்டு ஒலியை உண்டாக்குவது சிந்தசைசர் அல்லது சாம்பிளர். சிந்தசைசரின் பழைய வழி, மேற்சுரங்கள் நிறைந்த ஓர் அலையை எடுத்து ஃபில்டரால் வேண்டாதவற்றை வெட்டுவது. ரம்பப்பல் அலையில் எல்லா மேற்சுரங்களும் இருக்கும். சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் இருக்கும். பிறகு என்வலப்பால் அந்த ஒலி எழுவதையும் தணிவதையும் வடிவமைக்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வழி. 1967இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் ஒரு சுரத்தை மேலும் கீழும் அசைத்து, அசைவின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல் காதுக்கு அசைவு தெரியவில்லை. வேறொரு நாதம் கேட்டது. எஃப்எம் முறை பிறந்தது அப்படித்தான். யமஹா அதன் உரிமையைப் பெற்று 1983இல் டிஎக்ஸ்7 கருவியை வெளியிட்டது. அசைவே நாதமாக மாறியது என்ற செய்தி, கமகத்தில் வளர்ந்த நம்மைச் சும்மா விடக்கூடாது.

இந்தக் கருவிகள் நம் திரையிசைக்குள் வரத் தாமதமாகவில்லை. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் மிடிக் கட்டளைகளை வரிசையாகப் பதிந்துவைத்துத் தானே வாசிக்கும் சீக்வென்சரை இளையராஜா கையாண்டார். 1992இல் 'ரோஜா' வந்தபோது ஏ.ஆர். ரஹ்மானிடம் சொந்த ஸ்டூடியோவே இருந்தது.

சாம்பிளிங் என்பது உண்மையான ஒலியை எண்களாக்கி வைப்பது. சிடி தரத்தில் விநாடிக்கு 44,100 தடவை அலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 நிலைகளில் ஒன்றாகக் குறிக்கிறோம். 1979இல் சிட்னியிலிருந்து வந்த ஃபேர்லைட் இதைக் கீபோர்டுக்குக் கொண்டுவந்தது. பதிந்த ஒரு சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால், எளிய சாம்பிளரில் வேகம் இரட்டிப்பாகி நீளம் பாதியாகும், குரலும் மாறிப்போகும். அதனால்தான் சில கட்டைகளுக்கு ஒன்றாகப் பல சுரங்களைத் தனித்தனியே பதிகிறார்கள்.

நாகஸ்வரத்தில் இதுவும் போதாது. அங்கே சுரம் வளையும்போது சீவாளியின்மீது உதட்டின் பிடியும் மூச்சின் அழுத்தமும் சேர்ந்தே மாறும். நாதத்தின் நிறமும் கூடவே மாறும். நீட்டி ஊதிய ஒற்றைச் சுரத்தைப் பதிந்துவிட்டு அதைச் சக்கரத்தால் வளைத்தால் சுருதி மட்டும்தான் நகரும், நிறம் நகராது. கேட்பவர் காரணம் தெரியாமலே முகம் சுளிப்பார். பிடிகளாகவும் கமகங்களாகவும் பதிய வேண்டும். அதற்கு ஊதுகிறவர் தேர்ந்த கலைஞராக இருக்க வேண்டும்.

அந்தக் கலைஞருக்கு என்ன கிடைக்கிறது? 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரகரி கோல்மன் வாசித்த சில விநாடி டிரம்ஸைச் சாம்பிளாக எடுத்து, பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பாட்டுகள் உருவாயின. கோல்மன் அதனால் ஒரு காசும் காணாமல், வீடற்றவராக 2006இல் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் திரட்டிய 24,000 பவுண்டு போய்ச்சேர்ந்தது. அது சட்டம் தந்த பணம் இல்லை, ரசிகர்கள் மனமிரங்கித் தந்தது.

மாணவர்களே, நாளை நீங்கள் ஒரு நாகஸ்வரக் கலைஞரையோ பறைக் கலைஞரையோ உருமிக் கலைஞரையோ சாம்பிள் பதிவுக்கு அழைப்பீர்கள். ஒரு நாள் கூலியோடு அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பதிவு எத்தனை படங்களுக்குப் போகலாம், விற்றால் அவருக்கு எவ்வளவு பங்கு, பெயர் எங்கே வரும் என்பதையெல்லாம் தாளில் எழுதி, படித்துக் காட்டி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டு மைக்கைத் திறவுங்கள்.