அமெரிக்கப் பஞ்சும் நம்ம கரிசலும்

(பருத்தி விலை ஆர்ப்பாட்டத்தையொட்டி சங்கரன்கோவிலில் நடந்த விளக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டெல்லியும் வாஷிங்டனும் பேசுறதுக்கும் கரிசல்ல பருத்தி போடுற நமக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்குக்கு முதலில் 25 சதவீதம், ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குறோம்னு மேலும் 25, ஆக 50 சதவீதம் வரி போட்டது. அடி விழுந்தது திருப்பூர் பனியனுக்கு. அதைச் சமாளிக்க மத்திய அரசு என்ன செய்தது? வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை ஆகஸ்ட் 19 முதல் எடுத்துவிட்டது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள். பத்து நாளுக்குள் டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். இந்த வரியே 2021 பட்ஜெட்டில் விவசாயி நன்மைக்குன்னு சொல்லிப் போட்டதுதான். 2022-லும் சில மாதம் தூக்கினார்கள்.

திருப்பூர்மேல நமக்குக் கோபம் இல்லை. அங்கே தையல் மிஷின்ல உட்கார்ந்திருக்கிறது நம்ம வீட்டுப் பிள்ளைகதான். மில்லுக்குப் பஞ்சு பத்தலைங்கிறதும் உண்மை. ஆனா அமெரிக்கா போட்ட வரிக்கு ஈடு கட்ட நம்ம தலைதானா கிடைச்சது?

புரட்டாசி, ஐப்பசியில நாம விதை ஊன்றுறோம். மாசி, பங்குனியில காய் வெடிக்குது. அதுக்குள்ள மில்லுக்காரர் வரியில்லாத பஞ்சை வாங்கி குடோன்ல அடுக்கிட்டா, நம்ம சாக்கைத் தேடி யார் வருவா? 2025-26-க்கு ஆதார விலை குவிண்டாலுக்கு நடுத்தர இழை 7,710 ரூபாய், நீள இழை 8,110 ரூபாய். அந்த விலைக்கு வாங்க ஆள் வரணுமே! காத்திருக்க நம்மகிட்ட குடோன் ஏது? எடுப்புக் கூலியை அன்னன்னைக்கே கொடுத்தாகணும்.

அவங்க பஞ்சு எப்படி மலிவா வருது? மானியம்! பிரேசில் 2002-ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு, அமெரிக்கா கொடுத்த பருத்தி மானியம் விதிமீறல்னு 2005-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தது. 2014-ல் 30 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா அந்த வழக்கை முடித்துக்கொண்டது. பிரேசில்காரனுக்குப் பணம் கிடைச்சது. நமக்கு?

பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அமெரிக்கக் கோதுமை தின்ற காலம். 1956-ல் போட்ட பி.எல்.480 ஒப்பந்தத்தில் வந்தது அது. 1965-66 வறட்சியில் ஜனாதிபதி ஜான்சன் அதை ஒரேயடியா அனுப்பாமல், மாசக்கணக்கில் அளந்து அளந்து விட்டார். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது அவருக்குப் பிடிக்கலை. அப்போ விவசாய மந்திரி நம்ம சி.சுப்பிரமணியம். பட்ட பாட்டில்தான் வீரிய விதை, கொள்முதல் விலைன்னு விவசாயி பக்கம் திரும்பினார்கள். அந்த விவசாயியைக் கேட்காமல்தான் 2025-ல் வரியை எடுத்தார்கள்.

நாம கேட்கிறது பெருசா ஒண்ணுமில்லை. விதைப்பிலிருந்து எடுப்பு முடியும்வரை பஞ்சு வரியில் கை வைக்கக் கூடாது. இந்தியப் பருத்திக் கழகம் மாசி மாதமே இங்கே வந்து ஆதார விலைக்கு எடுக்கணும். எந்த நாட்டோடு ஒப்பந்தம் போட்டாலும் பருத்தி பற்றிய ஷரத்தைத் தமிழில் அச்சடித்து முன்கூட்டியே ஊராட்சிகளுக்கு அனுப்பணும்.

ஆர்ப்பாட்டத்துக்கு வரும்போது போன வருஷம் பருத்தி போட்ட எடைச்சீட்டைக் கையோடு கொண்டு வாங்க. என்ன விலைக்கு விற்றோம்னு தாசில்தார்கிட்ட சீட்டைக் காட்டியே பேசுவோம்.