கருவி சொன்ன கணக்கு



தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எங்களையும் இவ்விழாவில் பேச அழைத்தமைக்கு நன்றி. நம் காலனியில் எவரேனும் நோயுற்றால், கட்டிலருகே ஒளிரும் எண்களைப் பார்த்தே உறவினர் ஆறுதல் கொள்கின்றனர். அவ்வெண்களுள் ஒன்று பிழைபடும் விதத்தைக் கூற விழைகிறோம்.

ஓய்வாக இருக்கும்போது நமது இருதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. இதனைக் கணக்கிட 1870இல் அடால்ஃப் ஃபிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஒரு வழி கூறினார். 1970இல் ஸ்வான், கான்ஸ் முதலியோர் நுனியில் சிறு பலூன் கொண்ட குழாயை அறிமுகம் செய்தனர். இவ்வகைக் குழாயின் வழியே வலப்புற இருதயத்தில் குளிர்ந்த நீரைச் செலுத்தி, நுரையீரல் தமனியில் குருதி எவ்வளவு, எத்துணை நேரம் குளிர்கிறது என அளப்பர். பெருகியோடும் வாய்க்காலில் ஊற்றிய சாயம் விரைவில் மறையும். மெல்ல ஓடுவதில் நெடுநேரம் நிற்கும். அதே நியாயந்தான்.

ஊசிக்குழலில் 10 மில்லிலிட்டர் உண்டென்று கருவி நம்பும். ஒருமுறை நாங்கள் செலுத்தியதோ 5 மட்டுமே! குளிர்ச்சி பாதியானது, ஓட்டம் இருமடங்கு என்று கருவி கணக்கிட்டு, 6.4 லிட்டர் எனக் காட்டிற்று. நாங்களும் மகிழ்ந்தோம். நோயாளியின் மகன்தான், "எண் நன்றாயிருக்கிறது என்கிறீர்கள்; அப்பாவின் கால் ஏன் சில்லிட்டிருக்கிறது?" என வினவினார். சிறுநீரும் குறைந்திருந்தது. மீண்டும் முறையாக அளந்தோம்: 3.1 லிட்டர். உடனே மருந்தை மாற்றினோம். பெரியவர் பிழைத்தார், ஆயினும் வீணான அந்த இரண்டு மணி நேரம் எங்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை.

பிற பிழைகளும் உள. மூவிதழ் வால்வு கசிந்தால் குளிர்நீர் முன்னும் பின்னும் அலையும்; கணக்கு பெரும்பாலும் குறைந்து வரும். மூச்சின் ஏற்ற இறக்கத்தாலும் விடை மாறும். ஆதலின் மும்முறை அளந்து சராசரி காண்பர். இன்று பல இடங்களில் எக்கோ கருவியே முந்துகிறது. அதுவும் பிழையற்றதன்று: இருதயத்தின் வெளிவாயிலின் 2.0 சென்டிமீட்டர் குறுக்களவை 1.8 என்று கொண்டால், விடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். குறுக்களவின் வர்க்கமன்றோ கணக்கில் சேர்கிறது!

இப்போது எங்களுள் ஒருவர் ஊசிக்குழலின் அளவை உரக்கச் சொல்ல, மற்றொருவர் கருவியில் பதிந்த அளவைப் படித்து ஒப்பிடுகிறார். பின்னர் நோயாளியின் பாதத்தையும் தொட்டுப் பார்க்கிறோம். அந்த மகனைப்போல் நீங்களும் வினவலாம், சினம் கொள்ளமாட்டோம்.